மண்டோருக்கு இரண்டு மைக்

கையில் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த எல்லோருக்கும் ஒரு வியாதி உண்டு. கடையில் எதைப் பார்த்தாலும், "இத நானே செஞ்சிருவேனே" என்று வாய் சொல்லிவிடும். சொன்ன பிறகு செய்தாக வேண்டும். செய்த பிறகு அது நன்றாகத்தான் இருக்கிறது என்று ஊரோடு சண்டை போட வேண்டும். எங்கள் வீட்டு நாற்காலி ஒன்று அப்படிப் பிறந்ததுதான். அதில் உட்காருகிற விருந்தாளி ஒரு காலைத் தரையில் அழுத்திக்கொண்டே தேத்தண்ணி குடிப்பார். (நாற்காலியில் தப்பு இல்லை. தரைதான் கோணல்.)

நான் கோல சிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் வயர்மேன். லோரி தூக்குகிற அளவு மோட்டார்களுக்கெல்லாம் வயர் இழுக்கிறவன். சனி, ஞாயிறில் மைக் செட் போடுவேன். கோயில் திருவிழா, காதுகுத்து, கருமாதி, எதற்குக் கூப்பிட்டாலும் போவேன். ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபையர் எல்லாம் கடையில் வாங்கியவை. மைக் கேபிள் மட்டும் என் கையால் செய்தது. அதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரு நீள வயர். உள்ளே சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று, அவற்றைச் சுற்றி ஒரு செம்புக் கம்பி வலை. இரண்டு முனையிலும் மூன்று கால் வைத்த பிளக். ஈயத்தை உருக்கி ஒட்டினால் முடிந்தது.

"கடை கேபிள் உள்ளுக்கு என்ன இருக்குன்னு எவனுக்குத் தெரியும்? என்னோடது அறுந்தா நானே பிரிச்சு ஒட்டிருவேன்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். கேட்டவர்களிடம் சொன்னேன். கேட்காதவர்களிடமும் சொன்னேன்.

பிளக்கின் ஒவ்வொரு காலுக்குப் பக்கத்திலும் ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் போட்டிருக்கும். கொசுவின் கால் அளவுக்கு எழுத்து. அதைப் படிக்கக் கண்ணாடி போட வேண்டும். கண்ணாடி கிழவர்கள் போடுவது. ஆகவே எனக்கென்று ஒரு சட்டம் வைத்துக்கொண்டேன்: சிவப்பு வலது பக்கம். எந்த முனையாக இருந்தாலும் சிவப்பு வலது பக்கம். (இந்தச் சட்டத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இதற்குத்தான் பின்னால் வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறேன்.)

என் மனைவி லெட்சுமியின் அப்பாவை எல்லோரும் மண்டோர் என்றுதான் கூப்பிடுவார்கள். தோட்டத்தில் ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்பி, வேலை வாங்குகிற உத்தியோகம். ஓய்வு பெற்று எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. தோட்டத்தில் பாதியை விற்று அங்கே வீடுகளும் எழும்பிவிட்டன. ஆனாலும் அவர் மண்டோர்தான். காரணம் அவர் குரல். விடியற்காலையில் ஆட்களைக் கூட்டி நிறுத்திப் பேர் கூப்பிடுவதைத் தோட்டத்தில் பெரட்டு என்பார்கள். மாமா பெரட்டுக்குப் பேர் கூப்பிட்டால், லயத்து வீட்டில் போர்வைக்குள் கிடக்கிறவனும் "வந்தேன்" என்று பதில் சொல்லிவிட்டு அப்புறம்தான் கண்ணைத் திறப்பானாம்.

எனக்கும் அவருக்கும் ஒத்துப்போனதே கிடையாது. என் கல்யாணத்தன்றே, நான் வந்து இறங்கிய காடியை எங்கே நிறுத்துவது என்று இரண்டு பேரும் கத்திக்கொண்டோம். மாலையும் கழுத்துமாக நான், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர். அதன் பிறகு எதற்கெடுத்தாலும் கத்தல்தான். "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் செவிடாத்தான் போகப்போறேன்" என்பாள் லெட்சுமி.

பிறகு மாமாவுக்குத் தொண்டையில் கட்டி வந்தது. ஆப்பரேஷன் செய்தார்கள். ஆள் பிழைத்துவிட்டார், குரல் திரும்பவில்லை. அடுப்பு ஊதுகிற மாதிரி ஒரு காற்று வரும். அதற்குள் வார்த்தை இருக்கும். கிட்டே போய்க் காதைக் கொடுத்தால் பிடிக்கலாம். ஆஸ்பத்திரியில் நான்தான் அவரோடு இருந்தேன். (பாசம் ஒன்றும் இல்லை. ஆலையில் எனக்கு லீவு மிச்சம் இருந்தது.) வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள் பழைய பழக்கத்தில் எதற்கோ கத்தினேன். அவரும் பழைய பழக்கத்தில் வாயைத் திறந்தார். காற்று வந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இரண்டு பேர் கத்தினால் அது சண்டை. ஒருத்தன் மட்டும் கத்தினால் அது பைத்தியம். அன்றோடு நிறுத்திக்கொண்டேன்.

லெட்சுமியின் தங்கச்சி கவிதாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்கு ஊர் சுங்கை பெசார். கொஞ்ச நாளில் மாமா மோட்டார் சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு வந்தார். இறங்கவில்லை. இன்ஜினை அணைத்துவிட்டுக் கையைக் காட்டிக் கூப்பிட்டார். நான் காதைக் கொடுத்தேன்.

"மாப்ள, கல்யாணத்துல நன்றி சொல்லுவாங்கல்ல, அத நானே சொல்லணும்."

"முரளி சொல்லட்டுமே மாமா. படிச்சவன்." முரளி அவருடைய மகன், என் மச்சான். கிள்ளானில் ஆபீஸ் வேலை.

"என் மகளுக்கு நான் பேசணும். பழைய ஆளுங்க எல்லாம் வருவாங்க. மண்டோருக்கு வாய் போயிருச்சாமேன்னு பாக்க வர்றவனும் அதுல இருப்பான்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "உன்கிட்ட மைக் இருக்குல்ல?"

ஆயுசில் அவர் என்னிடம் கேட்ட முதல் உதவி அதுதான். கையில் சூடத்தை ஏற்றிச் சத்தியம் செய்கிறவன் மாதிரி, "கடைசி நாற்காலி வரைக்கும் கேக்க வைக்கிறேன், போங்க" என்று சொல்லிவிட்டேன்.

முரளிக்கு இது பிடிக்கவில்லை. அடுத்த வாரமே வந்தான்.

"அத்தான், கிள்ளான்ல ஒரு ஆளு இருக்காரு. சவுண்டு எல்லாம் அவரு பாத்துக்குவாரு. நீங்க அன்னிக்கு நல்ல சட்டையா போட்டுக்கிட்டு முன்னால உக்காருங்க லா."

"இப்ப நான் சட்டை இல்லாமயா திரியறேன்?"

"அது சொல்லல. உங்க கேபிளு… போன திருவிழால கரகரன்னு…"

"அது கேபிளு இல்ல. பூசாரி தொண்டை."

"அப்பாவுக்குக் கொரலே இல்ல அத்தான். இதுல போய் வீட்டுல ஒட்டுன வயரா? ஒரு நல்ல கேபிளு வாங்குனா என்ன, சொத்தா அழிஞ்சிரும்?"

"நீ ஆபீஸ்ல ஏர்கோன்ல உக்காந்து வாங்கு. நான் கையால செய்யறவன்."

இதெல்லாம் ஒரு பேச்சா என்று கேட்காதீர்கள். எங்கள் குடும்பத்தில் இதுதான் பேச்சு. முரளி சொன்னபடியே ஒரு ரெடிமேட் கேபிள் வாங்கிவந்து, பிளாஸ்டிக் உறையோடு என் பெட்டிமேல் வைத்துவிட்டுப் போனான். கேபிள் பளபளவென்று இருந்தது. பார்க்கப் பார்க்க எனக்கு எரிந்தது.

கல்யாணம் தஞ்சோங் காராங் போகிற பாதையில் ஒரு கோயில் மண்டபத்தில். நான் விடிந்ததும் போய் செட்டை இறக்கினேன். மைக் ஸ்டாண்டை மேடையில் வைத்துப் பார்த்தபோது ஒரு யோசனை வந்தது. மாமாவின் காற்றுக் குரலுக்கு ஒரு மைக் எப்படிப் போதும்? இரண்டு வைத்தால் இரண்டு மடங்கு கேட்காதா? இரண்டு மைக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கறுப்பு டேப் சுற்றினேன். பார்க்க இரட்டைக் குழல் துப்பாக்கி மாதிரி கம்பீரமாக இருந்தது.

இரண்டிலும் என் கேபிளைத்தான் மாட்டப் போனேன். லெட்சுமி தலையில் பூவோடு வந்து நின்றாள்.

"அவன் வாங்கிக் குடுத்தத ஒண்ணுலயாவது மாட்டுங்க. இல்லாட்டி நாள் பூரா மூஞ்சியத் தூக்கி வச்சிருப்பான். போட்டோல எல்லாம் அப்படித்தான் விழும்."

சரி, சமாதானம். ஒரு மைக்குக்கு என் கேபிள், இன்னொன்றுக்கு அவன் கேபிள். சோதனை செய்தேன். அவன் மைக்கை அடைத்துவிட்டு என் மைக்கில் "ஹலோ, ஹலோ, ஒன்று, இரண்டு, மூன்று." (உலகத்தில் எந்த மைக்காரனும் நாலு என்று சொன்னது கிடையாது.) கணீரென்று கேட்டது. பிறகு என் மைக்கை அடைத்துவிட்டு அவன் மைக்கில் சோதித்தேன். அதுவும் கணீர். இரண்டையும் சேர்த்துத் திறந்து பார்த்தேனா? பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? ஒன்றும் ஒன்றும் இரண்டு. ஒன்றாம் வகுப்புக் கணக்குக்கு யாராவது டெஸ்ட் வைப்பார்களா?

தாலி கட்டி முடிந்தது. மேளக்காரர்கள் சாப்பிடப் போனார்கள். அறிவிப்பாளர், "இப்போது பெண்ணின் தந்தை…" என்றதும் மண்டபம் அமைதியானது. பழைய தோட்டத்து ஆட்கள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். மாமா பட்டு வேட்டியில், கையில் தாள் எதுவும் இல்லாமல், மைக்குக்கு முன்னால் வந்து நின்றார். நான் மண்டபத்து ஓரத்தில் என் மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டு இரண்டு மைக்கையும் திறந்தேன்.

மாமா வாயைத் திறந்தார்.

ஒன்றும் வரவில்லை. பல்லி மூச்சு விடுகிற மாதிரி ஒரு "ஸ்ஸ்". அவ்வளவுதான்.

வால்யூமை ஏற்றினேன். "ஸ்ஸ்." இன்னும் ஏற்றினேன். வழக்கமாக அந்த அளவுக்கு ஏற்றினால் ஸ்பீக்கர் நாய் மாதிரி ஊளையிடும். அன்று ஊளைகூட இல்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நம்முடைய செட்டு எவ்வளவு தரம் பார் என்று பெருமைதான் வந்தது.

மாமா என்னைப் பார்த்தார். பிறகு நான் செய்வதைப் பார்த்துப் பழகியவர் என்பதால், விரலால் ஒரு மைக்கைத் தட்டினார். "டொம், டொம்" என்று மண்டபமே அதிர்ந்தது. அதுதான் கொடுமை. தட்டினால் கேட்கிறது, பேசினால் கேட்கவில்லை. ஆக மைக்கில் கோளாறு இல்லை, மண்டோருக்குத்தான் வாய் இல்லை என்று மண்டபம் முடிவு கட்டிவிட்டது. பின்னால் எவனோ, "மண்டோரே, பெரட்டுக்கு ஆளு பத்தாது, இன்னும் சத்தமா" என்றான். நாலு பேர் சிரித்தார்கள்.

மாமாவின் காது சிவந்தது எனக்கு அங்கிருந்தே தெரிந்தது. கடைசி நாற்காலி வரைக்கும் என்று சொன்ன வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

முரளி ஓடி வந்தான். "உங்க கேபிளுதான் அத்தான். கழட்டுங்க."

"உன் கேபிளுதான். கடைக்காரன் ஏமாத்திட்டான்."

"எங்கப்பா அங்க நிக்கிறாரு, நீங்க இங்க கடைக்காரன் கதை பேசுறீங்க."

"எனக்கு மட்டும் அவரு யாரு, பக்கத்து வீட்டுக்காரரா?"

நான் அவன் வயரைப் பிடுங்கப் போனேன். அவன் என் கையைப் பிடித்தான். அவன் என் வயரைப் பிடுங்கப் போனான். நான் அவன் கையைப் பிடித்தேன். இப்படியாகக் குழந்தை குட்டி பெற்ற இரண்டு ஆண்கள், மணமேடைக்குப் பக்கத்தில், ஒருவர் கையை ஒருவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றோம். வீடியோக்காரன் இதை எடுத்துக்கொண்டிருந்தான். அன்று வேறு யாரும் அப்படிப் பாணிக்கிரகணம் செய்யவில்லை.

லெட்சுமி மேடையிலிருந்து இறங்கி வந்தாள். "ரெண்டுல எதையாவது ஒண்ணக் கழட்டுங்க" என்றாள். இரண்டு பேரும் நகரவில்லை. "போடோ" என்று மலாயில் எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு முட்டாள் பட்டம் கொடுத்துவிட்டு, கைக்கு எட்டிய வயரை அவளே பிடுங்கினாள்.

வால்யூம் உச்சியில் இருந்ததை அவள் கவனிக்கவில்லை. வெடி வெடித்த மாதிரி ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து மண்டபத்தின் எல்லா ஸ்பீக்கரிலும் சம்பந்தியின் குரல். மாப்பிள்ளையின் அப்பாவான அவர், பாவம், மாமாவுக்குத் துணையாக மைக் பக்கத்தில் வந்து நின்றிருந்தார்.

"யாரு சம்பந்தி இந்த மைக்காரன்? சுத்த வேஸ்ட். ஒரு காசு டுயிட் குடுத்துறாதீங்க."

அதற்கு மாமாவின் பதில். வெடித்த சத்தத்தில் காது அடைத்துப்போய், மைக் இன்னும் செத்துத்தான் கிடக்கிறது என்று நினைத்து, சம்பந்தியின் காதுக்கு மட்டும் சொன்னது. அந்தக் காற்றுக் குரல் மண்டபத்தைத் தாண்டி, சமையல் கொட்டகையைத் தாண்டி, காடி நிறுத்துகிற இடம் வரைக்கும் போனது.

"மைக்காரன் இல்ல சம்பந்தி. என் மூத்த மருமகன். கோவக்காரன், வாயும் சரியில்ல. ஆனா ஆஸ்பத்திரில நான் வாய மட்டும் அசைச்சுக்கிட்டுக் கெடந்தப்ப, என்ன கேக்குறேன்னு பாத்தே கண்டுபிடிச்சவன் அவன் ஒருத்தன்தான். பெத்த புள்ளைக்கே புரியல. மைக் இல்லாட்டி போகுது. அவனுக்குக் கேக்கும். அது போதும்."

அப்போதுதான் ஸ்பீக்கர் ஊளையிட்டது. நல்லவேளை. என் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தை அது மறைத்துவிட்டது. நான் வால்யூமை இறக்கினேன். முரளி என் இன்னொரு கையை இன்னும் விடவில்லை.

சம்பந்தி மைக்கைப் பார்த்து இரண்டு கையாலும் கும்பிட்டார், என்னைப் பார்க்கத் தைரியம் இல்லாமல். மாமாவுக்கு மெல்ல விளங்கியது. உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு ஒற்றை மைக்கிடம் குனிந்தார்.

நன்றியுரை என்று நினைத்தோம். அவர் பெரட்டு எடுத்தார்.

"பெரியசாமி."

காற்றாகத்தான் வந்தது. ஆனால் கடைசி நாற்காலி வரைக்கும் கேட்டது. முன்வரிசையில் ஒரு கிழவர் நிமிர்ந்து உட்கார்ந்து, "வந்தேன்" என்றார்.

"அஞ்சலை."

"வந்தேன்."

"முனியாண்டி." பதில் இல்லை. "முனியாண்டி மகன்?"

"வந்தேன் மண்டோரே."

இப்படியே பழைய பேர் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார். சத்தம் போதாது என்று கேலி பேசினவனும் தன் பேர் வந்ததும் எழுந்து நின்று பதில் சொன்னான். "கவிதா" என்று கூப்பிட்டபோது மணப்பெண்ணுக்கு "வந்தேன்" என்று சொல்ல வாய் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். மை கன்னம் வரைக்கும் இறங்கியிருந்தது. (அந்தப் போட்டோவை இன்னும் யாருக்கும் காட்டுவதில்லை.)

கடைசியில், "மணியம்."

என் பேர்தான். நான் ஆம்ப்ளிஃபையரை ஏதோ ரிப்பேர் செய்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

"மணியம். இல்லையா? அரை நாளு போட்டுறவா?"

தோட்டத்தில் பெரட்டுக்குத் தாமதமாக வந்தவனுக்கு அரை நாள் சம்பளம்தான் போடுவார்கள். மண்டபம் சிரிப்பில் குலுங்கியது. "வந்தேன்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் கேட்ட மாதிரி தலையாட்டினார். "எல்லாரும் சாப்பிட்டுட்டுப் போங்க" என்று சொல்லி இறங்கினார்.

என்ன கோளாறு என்று மறுநாள் கண்டுபிடித்தேன். லெட்சுமியின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் கேபிளைப் பிரித்தேன். ஒரு கேபிளின் இரண்டு முனைப் பிளக்கும் கும்பிடுகிற இரண்டு கை மாதிரி. ஒன்று வலது கை, இன்னொன்று இடது கை. ஒன்றில் வலது பக்கம் இருக்கிற கால் மற்றதில் இடது பக்கம் இருக்கும். இரண்டிலும் சிவப்பை வலது பக்கம் வைத்தால் வயர் தலைகீழாகிவிடும். தனியாக வேலை செய்யும்போது எந்த வித்தியாசமும் தெரியாது. சரியான கேபிள் ஒன்றோடு சேர்ந்தால் அது தள்ளும்போது இது இழுக்கும், அது இழுக்கும்போது இது தள்ளும். கயிறு இழுக்கும் போட்டியில் இரண்டு பக்கமும் சமபலம் என்றால் கயிறு நகருமா? அப்படித்தான் இரண்டு மைக்கும் சேர்ந்து மாமாவின் குரலைத் தின்றுவிட்டன.

இத்தனை வருடம் ஏன் தெரியவில்லை? என் கேபிள்கள் எல்லாமே தலைகீழ். எல்லாம் ஒரே தப்பைச் செய்ததால் ஒரு தப்பும் தெரியவில்லை. முதல்முறையாகச் சரியான ஒன்று உள்ளே வந்தது, வீடே ஊமையாகிவிட்டது. (இதில் குடும்பத்துக்கும் ஏதோ பாடம் இருக்கிறது. நான் வயர்மேன், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.)

மற்ற கேபிள்களையெல்லாம் கண்ணாடி போட்டுக்கொண்டு திருத்திவிட்டேன். அந்த ஒன்றை மட்டும் அப்படியே வைத்திருக்கிறேன். லெட்சுமி அன்று பிடுங்கியது முரளியின் கேபிளை. அதனால் மாமாவின் குரலைக் கொண்டுபோனது என் கேபிள் என்று நான் சொல்வேன். குரலை முழுங்கினதும் அதே கேபிள்தான் என்று முரளி சொல்வான். இந்த வழக்கு முடியவில்லை. முடியவும் போவதில்லை.

அந்த வீடியோ ஒவ்வொரு தீபாவளிக்கும் ஓடுகிறது. நானும் முரளியும் கைபிடித்து நிற்கிற இடம் வந்தால் நிறுத்திவைத்துச் சிரிப்பார்கள். போன தீபாவளிக்கும் ஓடியது. பார்த்த சூட்டில், ஆட்டுக்கறிக்குத் தேங்காய்ப்பால் ஊற்றக் கூடாது என்று நானும் ஊற்றலாம் என்று அவனும் கத்திக்கொண்டிருந்தோம். மாமா மூலையில் சாய்வு நாற்காலியில் இருந்தார். கையைத் தூக்கி, காற்றில் ஒரு வயரைப் பிடுங்குகிற மாதிரி விரலைச் சுண்டினார். அது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த சைகை: இரண்டில் ஒன்றைக் கழட்டு. இப்போது கவிதாவின் மகள், இன்னும் பேச்சு வராத குழந்தை, அவள்கூடச் செய்கிறாள்.

"அவனக் கழட்டுங்க மாமா" என்றேன் நான்.

"அத்தானக் கழட்டுங்கப்பா" என்றான் முரளி.

மாமா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கையைக் கீழே போட்டார். பிறகு உதட்டை மட்டும் அசைத்தார்.

"என்ன சொல்றாரு?" என்றான் முரளி.

"தேங்காய்ப்பால் ஊத்தக் கூடாதாம்" என்றேன்.

அவர் சொன்னது அது இல்லை. ஆனால் அந்த வீட்டில் அது எனக்கு மட்டும்தானே தெரியும்.